பாரன் தீவு எரிமலை

அந்தமான் கடலில், போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள ஆளில்லாத தீவு. இந்திய மண்ணில் இன்றும் உயிருடன் இருக்கும் ஒரே எரிமலை இதுதான். ஏறக்குறைய 3 கி.மீ. குறுக்களவு கொண்ட இந்த வட்டத் தீவு கடல்மட்டத்துக்கு மேல் 354 மீட்டர் எழுந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரிவது உச்சி மட்டுமே. மலையின் அடி ஏறத்தாழ 2,250 மீட்டர் ஆழத்தில், கடல் தரையில் இருக்கிறது. அங்கிருந்து அளந்தால் பொதிகையின் அகத்தியர் மலையைவிட (1,868 மீட்டர்) உயரம். ஏழில் ஆறு பங்கு நீருக்குள்.

தென்காசி மாவட்டத்துக் கடையத்தில் இராமநதி அணைப் பக்கம் போகிறவர்கள், மலையடிவாரத்துக் கறுத்த பாறைகளைப் பார்த்து இங்கே எப்போதோ எரிமலை இருந்ததா என்று கேட்பதுண்டு. இல்லை. தென்காசி வட்டாரத்துப் பாறைகள் நிலத்தின் அடியாழத்தில் வெந்து உருமாறியவை. கடைசியாக அவை அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. மேலே இருந்த நிலமெல்லாம் கரைந்துபோன பிறகுதான் அவை வெளிச்சத்துக்கு வந்தன. அந்தக் கல்லில் கோமேதக வகைச் செந்நிற மணிகள் பதிந்திருப்பதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பாரன் தீவின் புதிய கல் இதற்கு நேர் எதிர்: நம் காலத்திலேயே குழம்பாக வழிந்து, காற்றும் கடல்நீரும் பட்டு இறுகியது. நுண்துளைகள் நிறைந்தது, வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குக் கரடுமுரடானது.

இந்த மலை பிறந்த காரணம் கடலடியில் இருக்கிறது. இந்தியப் புவித்தட்டு பர்மாச் சிறுதட்டின் கீழே நழுவி அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அமிழும் தட்டு தன்னோடு கடல்நீரையும் நீர் ஊறிய கனிமங்களையும் கொண்டுபோகிறது. ஆழத்தின் வெப்பத்தில் அந்த நீர் பிரிந்து, மேலே உள்ள பாறையின் உருகுநிலையைத் தாழ்த்திவிட, பாறை உருகிக் குழம்பாகி மேலேறுகிறது. இதே தட்டெல்லையின் தொடர்ச்சியில்தான் சுமத்திராவின் தோபாவும், அதற்கு அப்பால் கிரகத்தோவா, தம்போரா எரிமலைகளும் வரிசையாக நிற்கின்றன. வடக்கே உள்ள நார்கொண்டம் தீவும் இந்த வரிசையின் எரிமலைதான். வரலாற்றுக் காலத்தில் அது வெடித்ததில்லை. பாரன் தீவில் கடல்மட்டத்துக்கு மேல் உள்ள குழம்புப் பாறைகளில் மிகப் பழையது சுமார் 16 லட்சம் ஆண்டு வயதுடையது என்பதை ஆர்கான் காலக்கணிப்பு காட்டியிருக்கிறது.

தீவின் நடுவே சுமார் 2 கி.மீ. அகலத்தில் ஒரு பெரும்பள்ளம். கொப்பரை என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் இதைக் கால்டெரா என்கிறார்கள். உச்சியில் உள்ள சாதாரண வாய் வேறு, கால்டெரா வேறு. அடியில் இருந்த குழம்பு பெருவெடிப்பில் வெளியேறிவிட, தாங்க ஏதுமில்லாமல் மலையின் மேற்பகுதி உள்ளே சரிந்து உண்டானது கால்டெரா. இங்கே அந்தப் பெருவெடிப்பு கடைசிப் பனியூழிக் காலத்தில் நிகழ்ந்ததாகக் கருதுகிறார்கள். இன்று தீவைச் சுற்றி மதில்போல் நிற்பது அந்தப் பழைய மலையின் மிச்சம். கடலை நோக்கிய செங்குத்துச் சரிவில் குழம்பு அடுக்கும் சாம்பல் அடுக்கும் கற்குவியல் அடுக்குமாக மாறிமாறித் தெரிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் கணக்கு. மதில் மேற்கே மட்டும் திறந்திருக்கிறது. பள்ளத்தின் நடுவே புதிய கூம்பு ஒன்று வளர்ந்து, பழைய மலையின் இடிபாட்டுக்குள் புது மலையாக நிற்கிறது. உலகில் பல கால்டெராக்கள் ஏரிகளாகிவிட்டன. இங்கே மலை மறுபடி எழும்புவதைப் பார்க்க முடிகிறது என்பதே பாரன் தீவின் அருமை.

எழுத்தில் பதிவான வெடிப்புகள் 1787இல் தொடங்குகின்றன. அவ்வாண்டு அவ்வழியே சென்ற கோல்புரூக் என்பவர் கப்பலிலிருந்தே புகைத்தூணைக் கண்டார். 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் நெருங்கிச் சென்று, பல டன் எடையுள்ள செங்கனல் பாறைகள் கூம்பின் சரிவில் உருண்டுவந்ததைப் பதிந்தார். போர்ட் பிளேருக்குப் பெயர் தந்தவர் இவர்தான். 1795, 1803–04 ஆண்டுகளிலும் மலை சீறியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அடங்கி, பிறகு ஆவியையும் கந்தகப் புகையையும் மட்டும் விட்டுக்கொண்டிருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எஃப். ஆர். மாலெட் 1885இல் பாரன், நார்கொண்டம் இரண்டையும் பற்றி விரிவாக எழுதிய நூல்தான் அடுத்த நூறாண்டுக்கு ஆதாரமாக இருந்தது. கவனமாக நடந்து, அளந்து எழுதிய வேலை அது. இன்று படித்தாலும் மரியாதை வருகிறது.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மௌனம் 1991 மார்ச் இறுதியில் உடைந்தது. அக்டோபர் வரை நீடித்த அந்த வெடிப்பில் குழம்பு மேற்குத் திறப்பின் வழியே இறங்கிக் கடலில் விழுந்தது. 1994 டிசம்பரில் மறுபடி. அடுத்த பெரிய சுற்று 2005 மே மாதம் தொடங்கியது. அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், 2004 டிசம்பர் 26 அன்று, இதே தட்டெல்லை சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்திருந்தது. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் குமரிக் கரையையும் அழித்த ஆழிப்பேரலை அதனால் எழுந்ததுதான். நிலநடுக்கம் குழம்பறையை உலுக்கி வெடிப்பைத் தூண்டியிருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் 1991 வெடிப்புக்கு முன் அப்படி எந்தப் பெருநடுக்கமும் இல்லை என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும்.

2017 ஜனவரி 23 அன்று, தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சிந்து சங்கல்ப் கப்பலில் கடலடி மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மலை திடீரெனச் சாம்பல் கக்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நிமிடம், பிறகு ஓய்வு. பகலில் தெரிந்தது சாம்பல் மேகம் மட்டும். பொழுது சாய்ந்ததும் அதே மேகத்துக்குள் செங்குழம்பு ஊற்றாகப் பீறிடுவதும் சரிவில் ஓடையாக இறங்குவதும் கண்ணுக்குப் பட்டன. வெடிப்பு பகலிலும் நடந்துகொண்டுதான் இருந்தது. இருள் வந்து காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

தமிழகத்துக்கு இந்த மலையால் நேரடி அச்சமில்லை. கடையத்திலிருந்து 1,800 கி.மீ.க்கு மேல் தொலைவு. வெடிப்புகளும் பெரும்பாலும் சிறியவை. ஒரே வரிசையில் நிற்கும் மலைகளின் அளவு எவ்வளவு வேறுபடும் என்பதற்குத் தோபா சான்று. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது 100 கி.மீ. நீளக் கால்டெரா உருவானது. அதன் சாம்பல் ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்து (முன்பு கர்நூல் மாவட்டம்) ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்தது. அங்கே சாம்பல் படுகைக்குக் கீழும் மேலும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.

பாரன் தீவில் மனிதர் குடியேறியதில்லை. பிரிட்டிஷார் காலத்தில் விடப்பட்ட ஆடுகள் மட்டும் காட்டு ஆடுகளாகப் பெருகி, வெளிமதிலின் பசுஞ்சரிவில் மேய்ந்து, நன்னீர் ஊற்றுகளில் தண்ணீர் குடித்து வாழ்ந்துவருகின்றன. தீவில் இறங்கப் பயணிகளுக்கு அனுமதியில்லை; கப்பலில் நின்றபடி பார்த்துத் திரும்பலாம். 2025 செப்டம்பரிலும் கூம்பின் உச்சியிலிருந்து குழம்பும் புகையும் எழுந்தன. இந்தியக் கடற்படை அதைப் படம்பிடித்தது.