கோடையில் மாணவரான ஆசிரியர்கள்

கோடை விடுமுறை என்றால் மாணவர்களுக்கு மாந்தோப்பும் மாமன் வீடும் நினைவுக்கு வரும். ஆசிரியர்களுக்கோ விடைத்தாள் கட்டுகளிலிருந்து விடுதலை. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் போதிக்கும் ஆசிரியர் பலர், இதே விடுமுறையில் மீண்டும் மாணவராகி வகுப்பில் அமர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

இம்முயற்சி பெரிய அளவில் வேரூன்றிய இடம் அமெரிக்கா. அந்நாட்டின் தேசிய விஞ்ஞான நிறுவனம், கோடைகாலப் பயிற்சிகளுக்கு 1953ஆம் ஆண்டில் பொருளுதவி அளிக்கத் தொடங்கியது. முதலில் கல்லூரி ஆசிரியர்களுக்கும், அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடந்தது. காரணம் விளங்கக்கூடியதே. அணுவைப் பிளந்துவிட்ட உலகில், பள்ளிப் பாடம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. 1956இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஜெரால்ட் சக்கரியாஸ், பள்ளிக்கூடப் பௌதிகத்தைப் புதிதாக அமைக்க ஒரு குழுவைக் கூட்டினார். 1957 அக்டோபர் 4ஆம் நாள் ரஷ்யாவின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. முன்பே வளர்ந்துவந்த கோடைப் பயிற்சிகள் அதன் பின் மேலும் வேகம் பெற்றன. புதிய பாடம் எழுதினால் போதாது. அதைக் கற்பிப்பவரும் புதிதாகக் கற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் புலனாயிற்று.

அந்த அலை நம் நாட்டுக்கும் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும், அமெரிக்க உதவியோடு 1963 முதல் கோடைப் பயிற்சிகளை நடத்தின. இவற்றால் நன்மை விளைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து பார்த்த ஆசிரியர், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே உள்ள தம் கிராமப் பள்ளிக்குத் திரும்பியபின் என்ன செய்வார்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்களைக் காண, நாம் மத்தியப் பிரதேசத்துக்கு, நர்மதை நதிக்கரையிலுள்ள ஹோஷங்காபாத் மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். 2022இல் அதற்கு நர்மதாபுரம் என்று பெயர் மாறியது. அங்கே 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு நிறுவனங்கள், அரசாங்க அனுமதியோடு 16 நடுநிலைப் பள்ளிகளில் விஞ்ஞானத்தைச் சோதனை வழியே கற்பிக்க முன்வந்தன. டில்லிப் பல்கலைக்கழகம் முதலிய இடங்களிலிருந்து விஞ்ஞானிகள் துணைக்கு வந்தார்கள்.

அங்கு நடந்த கோடைப் பயிற்சியில் சொற்பொழிவு முதலிடம் பெறவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை எந்தச் சோதனையைச் செய்யவேண்டுமோ, அதையே ஆசிரியரும் செய்யவேண்டும். செடிகளைப் பறித்து வந்து, இலையின் நரம்பையும் வேரின் அமைப்பையும் ஒப்பிட வேண்டும். வலைபோல் பின்னிய நரம்புள்ள செடிக்கு ஆணிவேர் இருப்பதும், நரம்புகள் இணையாக ஓடும் புல்லுக்கும் சோளத்துக்கும் சல்லிவேர் இருப்பதும் அவர் கையாலேயே வெளிப்படும். நாணயத்தைப் பலமுறை சுண்டிப் பூவா தலையா என்று குறித்துவைத்தால், நிகழ்தகவு என்னும் கணிதம் அந்தக் கணக்கிலிருந்து தானாகவே முளைக்கும்.

கருவிகளுக்கும் பெருஞ்செலவு இல்லை. 1978இல் அங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளையும் சைக்கிள் வால்வு டியூப்பின் சிறு துண்டுகளையும் கொண்டு உருவங்கள் அமைத்துக் காட்டினார். நான்கு குச்சிகளால் ஒரு சதுரம் செய்து அழுத்திப் பாருங்கள். அது சாய்சதுரமாகச் சரிந்துவிடும். மூன்று குச்சிகளால் செய்த முக்கோணமோ சரியாது. பாலங்களின் இரும்புச் சட்டங்களில் முக்கோணங்கள் மிகுந்திருக்கும் இரகசியம், ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது!

இதில் பணத்தைவிடப் பெரிய ஒன்றைச் செலவிட வேண்டியிருந்தது என்று நான் கருதுகிறேன். அது ஆசிரியரின் பழைய கௌரவம். பாடப் புத்தகத்தை ஒப்புவிக்கும் வகுப்பில் எல்லா விடையும் ஆசிரியரிடம் இருக்கும். சோதனை வகுப்பிலோ, எதிர்பாராத விடை வரும்; எதிர்பாராத கேள்வியும் எழும். அப்போது, “எனக்குத் தெரியவில்லை, செய்து பார்ப்போம்” என்று முப்பது பிள்ளைகள் முன்னிலையில் சொல்லத் துணிவு வேண்டும். தாமே சோதனையில் தடுமாறி, சக ஆசிரியரோடு வாதாடி, மீண்டும் செய்து பார்த்தவருக்கே அத்துணிவு வரும். பயிற்சி கோடையோடு முடிந்துவிடவில்லை. ஆண்டு முழுவதும் மாதந்தோறும் ஆசிரியர்கள் கூடித் தம் இடர்ப்பாடுகளைப் பேசினார்கள். தேர்வும் மாறியது, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே மாணவர் விடை எழுதலாம். மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை.

1978இல் இத்திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் பரவியது. 1982இல் தோன்றிய ஏகலவ்யா என்னும் நிறுவனம் பொறுப்பேற்று, அதை வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது. ஆனால் 2002இல் மாநில அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடம் இருக்கவேண்டும் என்பது ஒரு வாதம். எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான கல்வி வேண்டும் என்ற கவலை நியாயமானதே; அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், சமம் என்பதற்காகச் சோதனையை எல்லோருக்கும் கொடுத்திருக்கலாமே, எல்லோரிடமிருந்தும் எடுத்திருக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஓர் உத்தரவு சாய்த்துவிட்டது.

மாணவர்களே, உங்கள் ஆசிரியர் என்றேனும் ஒரு கேள்விக்கு, “தெரியவில்லை, பார்ப்போம்” என்று சொல்வாரானால், அதை அவருக்கு ஒரு குறையாக எண்ணாதீர்கள். எழுந்து சென்று, சோதனைக்கு வேண்டிய பொருள்களை எடுத்து வையுங்கள். விஞ்ஞான வகுப்பு அப்பொழுதுதான் தொடங்குகிறது.