அடையாறு உப்பங்கழி மீட்பு

அடையாறு உப்பங்கழி சென்னையின் தென்பகுதியில், அடையாறு வங்கக் கடலில் கலக்கும் இடத்தை ஒட்டி அமைந்துள்ளது. கழிமுகமும் உப்பங்கழியும் சேர்ந்த பரப்பு ஏறத்தாழ 358 ஏக்கர் ஆகும். இதில் 58 ஏக்கர் நிலம் நாட்டுத் தாவரங்களைக் கொண்டு மீட்கப்பட்டு, தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரில் 2011-இல் திறக்கப்பட்டது.

சீரழிவு

கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கும் உப்பங்கழி, மீன் குஞ்சுகள் வளரவும் நீர்ப்பறவைகள் இரை தேடவும் ஏற்ற இடம். நகரம் விரிவடைந்தபோது இது பயனற்ற சதுப்பாகக் கருதப்பட்டது. கட்டட இடிபாடுகளும் குப்பையும் கொட்டப்பட்டன. கரையோர நிலம் மேடாக்கப்பட்டுக் கட்டடங்கள் எழுந்தன. ஓதநீர் வந்து போகும் வழிகள் தூர்ந்தன. காய்ந்த மேட்டில் சீமைக் கருவேலம் பரவியது. எஞ்சிய பகுதியைக் காக்கக் கோரி 1990-களில் சூழல் ஆர்வலர்கள் நீதிமன்றத்தை நாடினர்.

மீட்புப் பணி

தமிழக அரசு 2006-இல் அடையாறு பூங்கா அறக்கட்டளையை அமைத்தது. ஆரோவில்லைச் சேர்ந்த பிச்சாண்டிக்குளம் வல்லுநர்கள் திட்டம் வகுத்தனர். மரம் நடுதல் முதல் வேலையாக இருக்கவில்லை. முதலில் இடிபாடுகளும் சீமைக் கருவேலமும் அகற்றப்பட்டன. பின்னர் நிலம் தோண்டப்பட்டு நீர்ப்பரப்பு விரிவாக்கப்பட்டது. ஓதநீர் வந்து போகாத மண்ணில் அலையாத்தி மரங்கள் நிலைப்பதில்லை என்பதே இந்த வரிசைக்குக் காரணம்.

நிலத்தின் உயரத்துக்கும் உப்பின் அளவுக்கும் ஏற்பச் செடிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. உவர்நீர் விளிம்பில் அலையாத்தி இனங்களும், நீர்நிலைகளில் கோரை, நாணல் போன்றவையும் இடம்பெற்றன. மேட்டு நிலத்துக்குச் சோழமண்டலக் கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. வீரை, உலக்கைப்பாலை, காசான் ஆகியவை அக்காட்டின் மரங்கள். பெரும்பாலும் கோயில் காடுகளில் எஞ்சிய இத்தகைய இனங்களை நகர மக்கள் பெரிதும் மறந்திருந்தனர். தொடக்கத்தில் இது பொழுதுபோக்குப் பூங்காவாக அன்றி, மாணவர்களுக்கான சூழல் கல்விக்கூடமாகவே நடத்தப்பட்டது.

எல்லைகள்

பூங்காவின் வேலி ஆற்றைத் தடுப்பதில்லை. மேல்பகுதியில் கலக்கும் கழிவுநீர் உப்பங்கழிக்கும் வருகிறது. மழைக்காலம் முடிந்தபின் முகத்துவாரத்தில் மணல்மேடு உருவாகி, கடல் நீர் உள்ளே வருவதைக் குறைக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடியிருப்புகள் மூழ்கியபோது, நீருக்கு இடம் விடாததன் விலையை நகரம் கண்டது. 58 ஏக்கரில் நடப்பட்ட மரங்களின் எதிர்காலம், 42 கிலோமீட்டர் நீள ஆறு முழுவதையும் நகரம் எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தே அமையும்.