லயமும் சளிக்காய்ச்சலும்

கடல்மட்டத்துக்கு 5,000 அடிக்கு மேலுள்ள நானுஓயாவைப் புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டில் எட்டியது. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார் மார்க்கமும் திறக்கப்படவே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்கள் வருதல் எளிதாயிற்று. மண்டபம் முகாமில் அவர்கள் சில நாள் தடுத்து வைக்கப்பெற்று, பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்தப்பெற்றனர். இதனைத் தொழிலாளர் நலனுக்கான ஏற்பாடு என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. இலங்கைக்குள் நோய் புகாமையும் தோட்டத்து வேலை தடைப்படாமையுமே அதன் தலையாய நோக்கங்கள்.

1918ஆம் ஆண்டின் இறுதியில் இன்புளுவென்சா என்னும் கொடிய சளிக்காய்ச்சல் இலங்கையைத் தாக்கியது. 1919இன் முற்பகுதியில் மீண்டும் எழுந்தது. அதனால் நேர்ந்த மக்களிழப்பு ஏறக்குறைய 3 இலட்சம் எனப் பிற்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். அன்று தீவின் மக்கட்டொகையோ 50 இலட்சத்துக்கும் குறைவு. வழமைக்கு மாறாக, உலகெங்கும் 20 முதல் 40 வயதினரையே இந்நோய் பெரிதும் கொண்டுசென்றது. கருவுற்ற பெண்களிடையே மரணம் மிகுந்தது. கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் இவ்வகையினரே. அவர்கள் வாழ்ந்த லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. குடும்பம் முழுவதும் அதற்குள்ளே, அடுப்பும் அதற்குள்ளே. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். மலைக்குளிருக்கு அஞ்சிக் கதவடைத்து, புகையோடு உறங்கியவரை நோய் தேடியலைய வேண்டியிருக்கவில்லை. அக்காலத்தில் பிறநாடுகளில் ஆக்கப்பட்ட ஊசிமருந்துகளும் பற்றீரியாவைக் கொண்டு செய்யப்பட்டவை. நோயின் உண்மைக் காரணி வேறு.

அக்காரணியாகிய வைரசு மனிதரிடமிருந்து 1933இல் இலண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. கோழிமுட்டையில் வளர்த்து ஆக்கிய தடுப்பூசி 1940களில் அமெரிக்கப் போர்வீரருக்கு இடப்பெற்றது. இங்கும் உழைக்கும் உடலே முதலிடம் பெற்றமை நோக்கத்தக்கது. 1957இன் ஆசியக் காய்ச்சலுக்குப் பின்னரே எண்ணம் மாறிற்று. 65 வயதைக் கடந்தோர், நாட்பட்ட நோயாளர், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு ஆண்டுதோறும் ஊசி வேண்டுமென அமெரிக்கச் சுகாதாரத் துறை 1960இல் பரிந்துரைத்தது. 2012இல் உலக சுகாதார நிறுவனம் கருவுற்றோரை முதலிடத்தில் வைத்தது. நோயைப் பிறருக்குக் கொணர்பவர் யார் என்ற பழைய கேள்வியின் இடத்தில், நோயால் மடியக்கூடியவர் யார் என்ற கேள்வி அமர்ந்தது.

இவ்வரிசையில் மலைநாட்டுப் பெண்ணுக்கு இடமுண்டு. கருவுற்றவளாயின் ஐயமின்றி உண்டு. அடுப்புப் புகையால் மார்பு நொந்தவளுக்கு அவ்வளவு எளிதன்று. அந்நோயை மருத்துவர் கண்டறிந்து எழுதிவைத்தாலன்றி அவள் நாட்பட்ட நோயாளியாக எண்ணப்படாள். லயங்கள் இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. நாட்கூலிக்கு உழைப்பவள் கூடையை இறக்கி வைத்து வைத்தியசாலைக்குச் சென்றால், தோட்டத்து வழக்கில் ‘முழுப் பேர்’ எனப்படும் அன்றைய முழுச் சம்பளம் கிடைப்பதில்லை.