எழுதத் தடை இருந்த இடத்தில் ஒரு நாட்குறிப்பு: 1865ஆம் ஆண்டுத் தென் கரோலினாவும் ஒரு சிறார் புனைவும்

அமெரிக்காவின் ஸ்காலஸ்டிக் நிறுவனம் 1996இல் தொடங்கிய 'டியர் அமெரிக்கா' வரிசை நூல்கள், கடந்த காலத்துச் சிறுமி ஒருத்தி தன் கைப்பட எழுதி வைத்தவைபோல் அமைக்கப்பட்டவை. அவற்றின் அட்டையில் ஆசிரியர் பெயர்கூட இடம்பெறவில்லை. இவ்வரிசையில் ஆன் ரினால்டி, கார்லைல் பழங்குடி உறைவிடப் பள்ளியைப் பற்றி எழுதிய நூலை, டெபி ரீஸ் முதலானோர் 1999இல் வெளியிட்ட மதிப்புரை, உண்மையின் வேடம் பூண்ட புனைவு என்று கண்டித்தது. அப்பள்ளி இடுகாட்டில் புதைக்கப்பட்ட குழந்தைகளின் பெயர்கள் கதைமாந்தருக்குச் சூட்டப்பட்டிருந்ததை அது எடுத்துக்காட்டியது. அந்த நூலைப் பொறுத்தவரை இக்கண்டனம் முற்றிலும் நியாயமானது. தாய்மொழி பேசத் தடை இருந்த பள்ளியில் ஒரு சிறுமி ஆங்கிலத்தில் மனம் திறந்து எழுதுவதாகக் காட்டும்போது, நாட்குறிப்பு வடிவமே அங்கு நிலவிய வன்முறையை மறைத்துவிடுகிறது. எனினும், இதைக் கொண்டு புனைவு நாட்குறிப்பு என்னும் வடிவமே வரலாற்றுக்கு இழைக்கும் பொய் என்று தீர்ப்பது ஏற்கத்தக்கதன்று.

அதே வரிசையில் ஜாய்ஸ் ஹான்சன் 1997இல் எழுதிய நூல், தென் கரோலினாவின் மார்ஸ் பிளஃப் பகுதிப் பண்ணையொன்றில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் வாழும், அடிமையாக வளர்ந்த பேட்ஸி என்ற சிறுமியின் குறிப்புகளாக அமைகிறது. திக்கிப் பேசுபவளும் பெற்றோரை அறியாதவளுமான அவள், வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பதை அருகிருந்து கவனித்து மறைவாக எழுத்தறிந்தவள்.

இங்கு அம்மாநிலச் சட்டங்கள் இரண்டினை ஒப்புநோக்குவது இன்றியமையாதது. அடிமைகளின் ஸ்டோனோ கிளர்ச்சிக்கு மறு ஆண்டான 1740இல் இயற்றப்பட்ட சட்டம், அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு நூறு பவுண்டு தண்டம் விதித்தது; வாசிக்கக் கற்றுக்கொடுப்பதைப் பற்றி அது ஏதும் கூறவில்லை. வாசிப்பும் தடைக்குள் வந்தது 1834ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். விவிலியம் வாசிக்கும் அடிமையைப் பொறுத்துக்கொண்ட ஆட்சி, வெளியே செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்ளக்கூடிய அடிமையைக் கண்டு அஞ்சியதே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகலாம். 1834க்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே வாசிப்பினின்று பிரித்துத் தடுக்கப்பட்ட செயல் எழுத்து என்பதால், பேட்ஸியின் ஒவ்வொரு பதிவும் அச்சட்டத்தின் நோக்கத்தை மீறும் செயலாகவே அமைகிறது. ரினால்டியின் நூலில் வரலாற்றை மறைக்கும் அதே வடிவம், ஹான்சனிடம் வரலாற்றின் மையத்தையே சுமக்கிறது.

அத்தகைய சிறுமி நாட்குறிப்பு எழுதியிருக்கக்கூடுமா என்ற வினாவுக்குக் கிடைக்கும் சான்றுகள் மிகக் குறைவே. 1862இல் அடிமைநிலையிலிருந்து தப்பிக் கடற்படையில் சேர்ந்த வில்லியம் கூல்டின் நாட்குறிப்பு வளர்ந்த ஆணொருவருடையது. தென் கரோலினத் தீவுகளில் ஆசிரியப் பணியாற்றியபோது நாட்குறிப்பு எழுதிய சார்லட் ஃபோர்டன் அடிமையாக இருந்தவரல்லர். ஆயினும், ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த சூசி கிங் டெய்லர் சவானா நகரில் புத்தகத்தைக் காகிதத்தில் மறைத்து எடுத்துச் சென்று பயின்று, 1862இல் தம் பதின்ம வயதிலேயே பிறருக்குக் கற்பித்தார் என்பது அவரது நினைவுநூலால் தெளிவாகிறது. எழுதும் திறன் வாய்த்திருந்த நிலையில் தாளும் தனிமையும் வாய்ப்பதே அரிதாக இருந்திருக்கும். ஏடுகள் எஞ்சாமையைக் கொண்டு எழுத்தே நிகழவில்லை எனக் கொள்வது, தடை விதித்தோரின் நோக்கம் முழுமையாக நிறைவேறிவிட்டதாக ஒப்புக்கொள்வதாகும்.

போருக்குப் பிந்தைய குடும்ப வாழ்வையும் எழுத்து மறுக்கப்பட்டிருந்த இப்பின்னணியிலேயே வாசிக்க வேண்டும். விற்கப்பட்ட தாயையும் உடன்பிறந்தாரையும் தேடி விடுதலை பெற்றோர் செய்தித்தாள்களில் அறிவிப்புகள் வெளியிட்டனர். மறுபுறம், 1865 டிசம்பரில் தென் கரோலினா இயற்றிய 'கறுப்பர் சட்டங்கள்' பிள்ளைகளைத் தொழில் பயிற்சி என்ற பெயரில் மீண்டும் எசமானரிடம் கட்டுப்படுத்த வழி செய்தன. உறவென்று எவருமற்ற பேட்ஸி இறுதியில் தனக்கெனப் புதுப் பெயரைத் தானே தேர்ந்துகொள்வது இச்சூழலில்தான் பொருள் பெறுகிறது.

விடுதலை எந்நாளில் வந்தது என்பது மட்டும் தீராத சிக்கலாகவே உள்ளது. 1863 ஜனவரியின் விடுதலைப் பிரகடனம், 1865 பிப்ரவரி 18இல் சார்ல்ஸ்டனின் வீழ்ச்சி, ஏப்ரல் 9இல் தென்தரப்புப் படைத்தலைவர் லீயின் சரணடைவு, டிசம்பர் 6இல் ஏற்பு நிறைவுபெற்ற, அடிமைமுறையை ஒழித்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஆகிய நான்கில் எதுவும் மாநில உட்பகுதிப் பண்ணைகள் அனைத்துக்கும் நடைமுறை விடுதலை நாளாகப் பொருந்துவதாக இல்லை. ஆங்காங்கே படையினர் வந்து அறிவித்த நாளோ, எசமானர் கூலி ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டிய நாளோதான் அங்கிருந்தோருக்கு விடுதலை நாளாயிற்று. ஆகவே ஹான்சன் தரும் தேதிகளை ஒரு பண்ணைக்குரியனவாகக் கொள்ளலாமேயன்றி, மாநிலம் முழுமைக்கும் உரியனவாகக் கொள்ள இயலாது.