நஞ்சுக்கு வழி காட்டியவர்கள் – 3: மேற்கு மலையின் மரம்

சென்ற வாரம் 2022 ஆகஸ்டில் நிறுத்தினோம். ஹெர்2 மரபணு மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுநோய்க்கு ‘என்ஹெர்ட்டு’ மருந்தை அமெரிக்கா அனுமதித்த மாதம் அது. புற்றணுவைத் தேடிப் போய் ஒட்டும் ஓர் எதிர்ப்பொருள். அதில் கோத்துவிட்ட எட்டு நஞ்சு மூலக்கூறுகள். அணுவுக்குள் போன பிறகே இணைப்பு அறுந்து நஞ்சு வெளிப்படும். அந்த நஞ்சின் பூர்வீகம் எது?

வள்ளியூரில் நின்று மேற்கே பார்த்தால் மகேந்திரகிரி தெரிகிறதே, அந்த மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் ஒரு சிறு மரம் உண்டு. பூ நாறும். தாவர நூல்களில் அன்று அதன் பெயர் மாப்பியா ஃபீட்டிடா. பம்பாய் சிபா ஆய்வு மையத்தில் இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, முன்பு சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர். 1972-ல் அவரும் என். விசுவநாதனும் அந்த மரத்தில் கேம்ப்டோதெசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதை வெளியிட்டார்கள். என்ஹெர்ட்டு சுமக்கும் நஞ்சு இதன் வழிவந்ததுதான். பின்னாளில் இந்த மரங்களை மருந்துக்காக வரைமுறையின்றி வெட்டித் தீர்த்தார்கள். அது இன்னும் ஆறாத இழப்பு.

அதே கேம்ப்டோதெசினைச் சீன மரமொன்றிலிருந்து 1966-லேயே பிரித்திருந்தார்கள், அமெரிக்காவில் மன்ரோ வாலும் மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்த மன்சுக் வானியும். எலிகளிடம் அது அற்புதம் காட்டியது. மனிதர்களிடம்?

தண்ணீரில் கரையாத பொருள் அது. ஊசியில் ஏற்ற வேண்டுமே என்று சோடியம் உப்பாக மாற்றினார்கள். உப்பானதும் வீரியம் போயிற்று. கொடுமை அதோடு நிற்கவில்லை. சிறுநீரின் அமிலத்தில் உப்பு மறுபடி பழைய நஞ்சாகத் திரும்பியது. கட்டியை அழிக்க வேண்டியது சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைத்தது. 1970-களின் தொடக்கத்தில் சோதனைகளைக் கைவிட்டார்கள். ஏற்கெனவே நோயில் வாடியவர்கள் இந்த வேதனையையும் தாங்கினார்கள். இன்றைய மருந்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

நஞ்சு கையில் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை.

அப்போது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், சீசர் மில்ஸ்டைனின் ஆய்வகத்தில் ஜார்ஜ் கோலர் என்ற இளைஞர் வேறொரு வேலையில் மூழ்கியிருந்தார். எதிர்ப்பொருள் சுரக்கும் எலியின் அணு சீக்கிரம் செத்துவிடும். புற்றணு சாகாமல் பெருகும். இரண்டையும் ஒன்றாக்கினால்? ஒன்றாக்கிவிட்டார். பலிக்காது என்ற பயம் உள்ளே அரித்தது. துணைக்கு மனைவியை அழைத்துக்கொண்டு, ஜன்னலில்லாத அடித்தள அறைக்கு இறங்கினார். முதல் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்…

(அடுத்த வாரம்)