எழுதாத கடமையும் எழுதிய உத்தரவும்

நெதர்லாந்தின் ஸுட்ஃபன் நகரில் ஒரு கடுங்குளிர் நாளில் கிடங்கொன்றின் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நீரை நிறுத்தும் திருகு மேல்மாடி வீட்டில் இருந்தது. அங்கே குடியிருந்த பெண் அதை மூட மறுத்தார். கீழே தோல் சரக்கு நனைந்து பாழானது. மூடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாததால் அது சட்டவிரோதம் ஆகாது என்று 1910-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சட்டவிரோதச் செயலால் சேதம் விளைவித்தவர் ஈடு தர வேண்டும் என்ற 1838-ஆம் ஆண்டின் சிவில் சட்டத் தொகுப்பு, எது சட்டவிரோதம் என்பதை வரையறுக்கவில்லை. சமூகத்தில் சக மனிதனிடம் காட்ட வேண்டிய கவனமும் அளவுகோல் ஆகலாம் என்று சட்ட அறிஞர் மோலன்க்ராஃப் 1887-லேயே வாதிட்டிருந்தார். நீதிமன்றம் குறுகிய வழியைத் தெரிந்தே தேர்ந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

1919 ஜனவரி 31 அன்று அதே நீதிமன்றம் அந்த வழியைக் கைவிட்டது. ஓர் அச்சகத்தார் போட்டியாளரின் ஊழியருக்குக் கையூட்டு கொடுத்துத் தொழில் ரகசியங்களைப் பெற்ற லிண்டன்பாம்–கோஹென் வழக்கு அது. பிறர் உரிமையை மீறுவதும் சட்டக் கடமையை மீறுவதும் மட்டுமல்ல, நல்லொழுக்கத்துக்கோ சமூக வாழ்வில் பிறரிடம் காட்ட வேண்டிய கவனத்துக்கோ முரணாக நடப்பதும் சட்டவிரோதமே என்றது தீர்ப்பு. நீதிபதிகளே சட்டம் இயற்றிவிட்டார்கள், இனி எது குற்றமென்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்ற ஆட்சேபம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. ஆனால் பழைய விதி தந்த நிச்சயம் கையூட்டுக் கொடுத்தவருக்குத்தான் உதவியது. நேர்மையாகத் தொழில் செய்தவருக்கு அதில் காப்பு இல்லை. சட்டமன்றமும் பின்னர் இந்த வரையறையை ஏற்று, 1992-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பில் சேர்த்துக்கொண்டது.

அரசும் இந்த அளவுகோலுக்குள் வந்தது. பொதுச் சட்டக் கடமையை அரசு மீறினாலும் அது சட்டவிரோதச் செயலே என்று 1924-இல் சுங்க அதிகாரிகள் தொடர்பான ஆஸ்டர்மன் வழக்கு நிறுவியது. பசுங்குடில் வாயு உமிழ்வை 2020-க்குள் 1990-ஐவிட 25 சதவீதம் குறைக்க அரசைப் பணித்த உர்ஹெண்டா வழக்கின் 2015 தீர்ப்பு, அரசின் கவனக் கடமையை நேரடியாகவே ஆதாரமாகக் கொண்டது. அந்த ஆணையை 2019-இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றம், ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் மீது ஊன்றி நின்றது. நிர்வாகச் சட்டத்திலோ வேறொரு தாழ்ப்பாள் உண்டு. அதிகாரியின் உத்தரவை வழக்கமாக ஆறு வாரத்துக்குள் எதிர்க்காவிட்டால், அது பிழையானதாக இருந்தாலும் சிவில் நீதிமன்றம் அதைச் சட்டபூர்வமானதாகவே எடுத்துக்கொள்ளும். அரசுப் பணி தடையின்றி நடக்க இந்த உறுதி தேவை என்பார்கள். அனுமதிகளையும் வரிக் கணக்குகளையும் பொறுத்தவரை அது நியாயமே. ஆனால் சிறு பிழைக்காகக் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லிப் பல குடும்பங்களைக் கடனில் தள்ளிய உத்தரவுகளுக்கும் அதே உறுதிதான் கிடைத்தது. முறையீடு செய்தவர்களுக்கும் மீட்சி இல்லை. அந்தக் கடும் அணுகுமுறையை உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 அக்டோபர் வரை ஏற்றே வந்தது. இந்த விவகாரத்தால் 2021 ஜனவரியில் அமைச்சரவை பதவி விலகியது. அந்தப் பெற்றோருக்கு ஈடு வழங்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.