திருமுக்கூடல் கல்லூரியும் வயலைக்காவூர் நெல்லும்



தைப்பூசத்தன்று எங்கள் பெருநகரில், செய்யாற்று மணலில், சுற்றுப்புறத்து ஊர்த் தெய்வங்களெல்லாம் வந்து கூடும். அதே செய்யாறு கீழே சென்று பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்குமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்தில், ஏறத்தாழ 1067ஆம் ஆண்டில் வெட்டிய சாசனம் ஒன்று உண்டு. பல்கலைக் கழகங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்து வாழும் மக்களுக்கும் இருக்கவேண்டிய உறவைப் பற்றிப் பேசுமாறு வானொலியார் பணித்தபோது, என் நினைவு அச்சுவரை நோக்கியே சென்றது.

கோயிலின் சனநாத மண்டபத்தில் ஒரு கல்லூரி நடந்தது. இருக்கு வேதத்துக்கும் யசுர் வேதத்துக்கும் ஓர் ஆசிரியரும் பத்து மாணவரும் தனித்தனியே. இலக்கணத்துக்கு ஓர் ஆசிரியர், இருபது மாணவர். உண்டியும் உறையுளும் இலவசம். படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், ஆண்டில் 51 சனிக்கிழமைகளுக்கு முழுக்கெண்ணெய் என எதையும் சாசனம் விட்டுவிடவில்லை. விடுதிக் கணக்கு எழுதிப் பழகிய எனக்கே அதைப் படித்தால் வெட்கமாக இருக்கும்! அருகிலேயே வீரசோழன் ஆதுலசாலை, பதினைந்து படுக்கைகள். மருத்துவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் எட்டுக் காசும். சல்லியக் கிரியை செய்வார், மூலிகை கொணர்வார், பணிப்பெண்டிர் அனைவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது.

இத்தனைக்கும் நெல் எங்கிருந்து வந்தது? வயலைக்காவூர் என்னும் நம் வட்டாரத்து ஊர், கோயிலுக்கு உரிய தேவதானம். அதன் வருவாய் ஆண்டுக்கு மூவாயிரம் கலத்துக்கும் மேல். உழவர் அளந்த நெல்லே மாணவர் உண்ட சோறு.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று இவற்றைப் பெருமிதத்தோடு விளக்கினேன். வயலைக்காவூரிலிருந்து வந்து படித்த சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, நெல் கொடுத்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இங்கே படித்தார்களா?" என்று கேட்டான். "அக்காலத்து வழக்கம் வேறு, தம்பி, உட்கார்" என்றேன். ஆசிரியப் பயிற்சி பெற்ற நான் அவ்வாறு சொல்லியிருக்கலாகாது. வேதம் ஓத உரிமை பெற்றிருந்தவர் யாவர் என்பது எனக்குத் தெரியும். ஆதுலசாலையும் மாணவருக்கும் கோயிற் பணியாளருக்குமே வகுக்கப்பட்டது. ஊர் கொடுத்தது, கல்லூரி கொண்டது. இதனை உறவு என்பதினும் கடமை இறுத்தல் என்பதே பொருந்தும்.

அச்சிறுவன் வினாவுக்கு விடை தேட நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது. 1949இல் இராதாகிருஷ்ணன் குழு, கிராமப் பல்கலைக் கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 1947இல், திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டியருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கிவிட்டனர். 1956இல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் எழுந்தது. 1976இல் அது பல்கலைக் கழகத் தகுதி பெற்றது. அம்மாணவர்கள் கிராமத்தில் தங்கி அதன் வாழ்வைக் கற்பதும் படிப்பின் பகுதியாயிற்று. அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை சுற்றுப்புறத்து ஏழைத் தாய்மாருக்காகவே எழுந்தது. திருமுக்கூடல் ஆதுலசாலையை எண்ணி அதனை நோக்குங்கள், வேறுபாடு விளங்கும்.

ஆயினும் பழையதை முற்றும் தள்ள என் மனம் ஒப்பவில்லை. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் தோன்றியபின் கல்லூரி மாணவர் ஊர்களுக்கு வந்து முகாமிடுகின்றனர், நல்ல பிள்ளைகள். ஒருமுறை எங்கள் ஏரிக்கரையில் வரிசையாகக் கன்றுகள் நட்டு, பாட்டுப் பாடி, எட்டாம் நாள் விடைபெற்றனர். அடுத்த திங்களுக்குள் பாதியை ஆடு மேய்ந்தது, மீதி வாடிற்று. ஊராரைக் கேட்டால், "கல்லூரிக்காரர் நட்டது" என்றனர்; கல்லூரியாரைக் கேட்டால், "ஊருக்கு ஒப்படைத்துவிட்டோம்" என்றனர். நீர் ஊற்றுவது யார் கடன் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. திருமுக்கூடலிலோ, இரவு விளக்கின் எண்ணெய்க்குக்கூட அளவு கல்லில் இருந்தது.